கை ஓய்ந்திருக்கும் நேரத்தில் குரல் தட்டச்சு: ஏழு மாத அனுபவம்

கைப்பேசியின் விசைப்பலகையில் மைக் படம் போட்ட சிறிய பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திவிட்டுத் தமிழில் பேசினால், பேசியவை எழுத்துகளாகத் திரையில் வந்து விழும். தனியாகப் பணம் கட்டத் தேவையில்லாத இந்த வசதியை ஏழு மாதங்களாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். பெரும்பாலானோர் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புவதற்கு இதை நாடுகிறார்கள். நானோ ஆயிரம் சொற்களுக்குக் குறையாத கட்டுரைகளை எழுத நாடுகிறேன் என்பதால், என் மதிப்பீடு சற்றுக் கண்டிப்பாகவே இருக்கும்.

எட்டு ஆண்டுகளாக எனக்கு முடக்குவாதம் இருக்கிறது. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கி வீங்கச் செய்யும் நோய் இது. என்னை முதலில் பிடித்தது விரல்களின் அடிக்கணுக்களையும் மணிக்கட்டையும்தான். எழுந்தவுடன் விரல்களை மடக்க முடியாது. அந்த விறைப்பு தளர்வதற்குப் பத்து மணியாகிவிடும். வாரத்துக்கு ஒரே ஒரு முறை எடுத்துக்கொள்ள வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைச் சனிக்கிழமை இரவு போட்டுக்கொள்வதால், ஞாயிற்றுக்கிழமை குமட்டலிலும் அசதியிலும் போய்விடுகிறது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், நல்ல நாளில்கூட விரலால் தட்டச்சு செய்ய எனக்குக் கிடைப்பது ஏறக்குறைய நாற்பது நிமிடம். தலைக்குள் முழுதாக உருவாகியிருந்த ஒரு பத்தி, கை தயாராவதற்குள் கலைந்துபோவதுதான் வலியைவிட என்னை அதிகம் வாட்டியது.

இதற்கு முன் வேறு வழிகளையும் முயன்றிருக்கிறேன். பேனாவின் மேல் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டால் பிடி இறுகாமல் எழுதலாம். ஆனால் இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடாது. ஆங்கில எழுத்துகளை வைத்துத் தமிழ் தட்டுவதை விட்டுவிட்டுத் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொண்டது உண்மையில் பெரிய சேமிப்பு: ‘பக்கத்து’ என்ற சொல்லை ஆங்கில ஒலிப்பில் தட்ட எனக்குப் பத்து விசைகள் தேவைப்பட்டன, தமிழ்99-இல் புள்ளியை அதுவே வைத்துவிடுவதால் ஆறு போதும். இன்றும் விரலால் தட்டும்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

குரல் தட்டச்சின் முதல் நன்மை, அது எனக்குக் காலைப்பொழுதைத் திருப்பிக் கொடுத்தது. விரல்கள் விறைத்திருக்கும் ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் தலை மிகத் தெளிவாக இருக்கும். அந்த நேரத்தில் படுத்தபடியே பேசி, ஒரு கட்டுரையின் முதல் வரைவை முடித்துவிட முடிகிறது. கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தினால் மைக் தானாக அணைந்துவிடும் என்பதால், ஒரு வாக்கியத்தை முழுதாக மனத்தில் கட்டிய பிறகே வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் இது எரிச்சலூட்டியது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு வாக்கியத்தை இரண்டு மூன்று முறை உருட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், விரலால் எழுதிய நாள்களில் இவ்வளவு பொறுமை எனக்கு இருந்ததில்லை. எண்களையும் ஊர்ப்பெயர்களையும் அது பிடிக்கும் விதம் வியப்பளிக்கிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதைப் பற்றிப் பேசியபோது, ‘ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு’ என்று நான் சொன்னதை 1856 என்று பிழையின்றிப் போட்டது.

குறைகளுக்கு வருகிறேன். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் என் கைப்பேசியில் குரலால் வருவதில்லை. ஒரு பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் ஓடுகிறது. வல்லினம் மிக வேண்டிய இடங்களில் ஒற்று பெரும்பாலும் விழுவதில்லை என்பதால், ‘மீன்பிடித் துறைமுகம்’ என்பது ‘மீன்பிடி துறைமுகம்’ ஆகவும், ‘எழுதிப் பார்த்தேன்’ என்பது ‘எழுதி பார்த்தேன்’ ஆகவும் நிற்கின்றன. ஒற்றுப்பிழையைப் பொருட்படுத்தாதவர்களுக்கு இது குறையே அல்ல. எனக்கு, நாற்பது நிமிடத்தில் பாதி இதைத் திருத்துவதிலேயே போகிறது.

அடுத்தது இரைச்சல். எங்கள் வீடு வடசென்னையின் தொண்டையார்பேட்டையில், கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் இருக்கிறது. கீழே அடிபம்பு அடிக்கும் ஓசையைக்கூட மென்பொருள் பொறுத்துக்கொள்கிறது. மனிதக் குரலைத்தான் பொறுப்பதில்லை. ஒருநாள் என் கட்டுரையின் நடுவே ‘நெத்திலி நெத்திலி’ என்று இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது, தெருவில் போன மீன்காரம்மாவின் குரல். பர்மா பஜாரில் 250 ரூபாய்க்கு ஒரு சட்டை மைக் வாங்கித் துப்பட்டாவில் குத்திக்கொண்ட பிறகு இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் என் முதன்மையான மனக்குறை வேறு. மேடைத் தமிழை எதிர்பார்ப்பதுபோல் இந்த மென்பொருள் நடந்துகொள்கிறது. ‘ழ’வைத் திருத்தமாக ஒலித்து, சொற்களை இடைவெளி விட்டுப் பேசினால் பத்துக்கு ஒன்பது சொல் சரியாக வரும். எங்கள் பகுதிப் பேச்சை அதனிடம் கொடுத்தால் திணறிவிடுகிறது. காலை உணவு என்ற பொருளில் நாங்கள் அன்றாடம் சொல்லும் ‘நாஷ்டா’வை அது ‘நஷ்டம்’ என்று எழுதியது. ‘வந்துகினு’ என்றதை ‘வந்து கிணறு’ என்றது. காரப்பொடி மீனைப் பற்றிச் சொன்னால் மிளகாய்த் தூளைப் போல் ‘காரப் பொடி’ என்று பிரித்துவிடுகிறது. காசிமேட்டு மீன் ஏலத்தில் ஒலிக்கும் ஒரு வாக்கியத்தைக்கூட அதன் வழியாக என்னால் எழுத முடிந்ததில்லை. முதல் இரண்டு மாதங்களில் நான் எழுதியவற்றைத் திரும்பப் படித்தபோது, அவற்றில் வரும் எல்லா மனிதர்களும் வானொலிச் செய்தி வாசிப்பவர்களைப்போல் பேசியிருந்தார்கள். பிடிபடாத சொற்களை நானே என்னை அறியாமல் தவிர்த்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டேன். விவரிப்பு, வரலாறு, கணக்கு ஆகியவற்றைக் குரலிடம் விட்டுவிட்டேன். மனிதர்கள் வாய்திறக்கும் இடங்களில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவைத்துவிட்டு, பதினொரு மணிக்குமேல் கை தளர்ந்ததும் அவற்றை மட்டும் விரலால் எழுதுகிறேன். நாற்பது நிமிடம் இப்போது போதுமானதாக இருக்கிறது, ஒற்றுப்பிழைத் திருத்தம் பல நேரங்களில் மறுநாளுக்குத் தள்ளிப்போனாலும். செய்திக்கட்டுரை எழுதுபவர்களுக்கு இந்த வசதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கதை எழுதுபவர்கள், அதிலும் வட்டார வழக்கில் எழுதுபவர்கள், பாதி உதவியை மட்டும் எதிர்பார்க்கலாம். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன்.

பேசி எழுதுவதில் தனிமை கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். போன வாரம் எதிர்வீட்டு அக்கா மாடிப்படியில் நின்றுகொண்டு, “இன்னாம்மா, காலீலேந்து யாராண்ட பேசினுகீறே?” என்று கேட்டார். கட்டுரை எழுதுகிறேன் என்று சொன்னதற்கு நம்பிக்கையில்லாமல் சிரித்துவிட்டுப் போனார். அவர் கேட்டதை மைக்கிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன், மூன்று முறையும் வேறு வேறாக எழுதியது. மேலே உள்ள அந்த ஒரு வரியை விரலால்தான் தட்டியிருக்கிறேன்.