ஜோன்ஸா, பார்க்லியா? 2023 மார்ச்சில் ஜயன்ட்ஸ் கையில் இருந்த ஒரே டேக்

2023 மார்ச் 7, மாலை 4 மணி. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-ன் அணிகள் தங்கள் ஃபிராஞ்சைஸ் டேக்கை யார் மீது போடுகின்றன என்று சொல்லியாக வேண்டிய கெடு அது. நியூயார்க் ஜயன்ட்ஸ் கையில் டேக் ஒன்று, ஆள் இரண்டு: பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸ், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி. இருவருடைய ஒப்பந்தமும் முடியும் தறுவாயில் இருந்தது. கெடுவுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஜோன்ஸுடன் 4 ஆண்டுக்கு 16 கோடி டாலர் என்று ஒப்பந்தம் முடிந்தது. டேக் பார்க்லி மீது விழுந்தது.

அணி இந்த இரண்டையும் அப்படியே மாற்றிப் போட்டிருக்க வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து இதைச் சொல்வது எளிது. ஆனால் அன்றைக்கு மேசையில் இருந்த கணக்கே அதைத்தான் சொல்லியது.

டேக் என்பது ஒரு வீரரை ஓராண்டுக்கு வெளியே விடாமல் பிடித்துவைக்கும் உரிமை. அந்த இடத்தில் ஆடும் முன்னணி வீரர்களின் சம்பளத்தை வைத்து லீக் தொகையை நிர்ணயிக்கும். 2023-ல் குவார்ட்டர்பேக்குக்கு 3 கோடியே 24 லட்சம் டாலர், ரன்னிங் பேக்குக்கு 1 கோடியே 91 ஆயிரம். இதில் ஒரு காசைக்கூட அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியாது. முழுத் தொகையும் அந்த ஆண்டின் சம்பள வரம்பில், அதாவது ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சத் தொகையில், உட்காரும். அந்த ஆண்டு வரம்பு 22 கோடியே 48 லட்சம்.

நீண்ட ஒப்பந்தம் வேறு வகை. ஜோன்ஸுக்குக் கையெழுத்துப் போனஸ் 3.6 கோடி. பணம் உடனே கைமாறிவிடும், ஆனால் சம்பள வரம்புக் கணக்கில் ஆண்டுக்கு 90 லட்சமாக நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதலாம். அதனால் முதல் ஆண்டு சுமை குறைவாகத் தெரியும். நடுவில் வீரரை விடுவித்தால், எழுதாமல் மிச்சம் வைத்த தொகை முழுவதும் கணக்கில் வந்து விழும். ஆள் போன பிறகும் அவர் பெயரில் வரம்பைத் தின்னும் இந்தத் தொகையைத்தான் அங்கே டெட் மணி என்கிறார்கள்.

யாரைப் பற்றி எவ்வளவு தெரியும்?

சம்பளக் கணக்குக்கு முன் ஆட்டக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஜோன்ஸ் 2019 டிராஃப்ட்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், 6-வது ஆளாகத் தேர்வானவர். முதல் மூன்று ஆண்டுகளில் பந்தைக் கைநழுவவிடுவதுதான் பெரிய குறை. 2019-ல் மட்டும் 18 முறை. 2021 ஆட்டக்காலம் கழுத்துக் காயத்தில் பாதியில் நின்றது. 2022-ல் பயிற்சியாளர் பிரையன் டேபால் வந்த பிறகு அவர் வேறு ஆளாகத் தெரிந்தார்: 3,205 கஜம், 15 டச்டவுன் பாஸ் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தந்த பாஸ்), வெறும் 5 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பாஸ்), ஓட்டத்தில் 708 கஜம். அணி 9-7-1 என்று பிளேஆஃபுக்குள் நுழைந்தது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 5 இன்டர்செப்ஷன் நல்ல எண். ஆனால் அவர் எறிந்ததில் பெரும்பகுதி குட்டைப் பாஸ். பார்க்லிக்குப் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டி, எதிரணி அவர் பின்னால் ஓடும்போது ஜோன்ஸை மறுபக்கம் உருட்டிவிட்டு, மைதானத்தில் பாதியை மட்டும் பார்த்து எறியும்படி ஆட்டத்தை அமைத்திருந்தார்கள். பிடிப்பவர்களில் முதலிடம் டேரியஸ் ஸ்லேட்டனுக்கு, அதுவும் 724 கஜம்தான். 16 ஆட்டத்தில் 15 டச்டவுன் பாஸ் என்பது ஆண்டுக்குச் சராசரி 4 கோடி வாங்குபவரின் எண் இல்லை. எதிரணி தடுப்பைத் தன் பக்கம் இழுத்து ஜோன்ஸுக்கு இடம் திறந்துகொடுத்ததே பார்க்லிதான் என்பது இன்னும் முக்கியம்.

2023 ஜனவரி 15-ல் மினசோட்டாவில் நடந்த பிளேஆஃப் ஆட்டம்தான் ஜோன்ஸின் விலையை ஏற்றியது. 35-க்கு 24 பாஸ், 301 கஜம், ஓட்டத்தில் 78, வெற்றி 31-24. ஆனால் எதிரில் நின்ற வைக்கிங்ஸ் தடுப்பு அந்த ஆண்டு லீக்கின் மோசமானவற்றுள் ஒன்று. அந்த ஆட்டம் முடிந்த சில நாட்களில் அதன் தடுப்புப் பயிற்சியாளர் வேலை இழந்தார். அடுத்த வாரம் பிலடெல்ஃபியாவில், ஆண்டு முழுக்க 70 சாக் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்த ஈகிள்ஸுக்கு எதிரே ஜோன்ஸ் எடுத்தது 135 கஜம், தோல்வி 38-7. இரண்டு ஆட்டங்களுக்கும் சம எடை கொடுத்தால் கிடைக்கும் விடை, 'இவரைப் பற்றி இன்னும் தெரியவில்லை' என்பதுதான்.

பார்க்லி விஷயத்தில் அந்தக் குழப்பம் இல்லை. 2018-ல் 2-வது தேர்வு. முதல் ஆண்டிலேயே ஓட்டமும் பிடிப்புமாக 2,028 கஜம். 2020-ல் சிகாகோவில் முழங்கால் தசைநார் கிழிந்தது, 2021-ல் கணுக்கால். 2022-ல் 295 முறை பந்தைத் தூக்கி 1,312 கஜம், 57 பிடிப்பு. உடம்பு தாங்கினால் என்ன கிடைக்கும், தாங்காவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டுமே ஐந்து ஆண்டுகளில் தெரிந்துவிட்டன.

டேக் என்பது சந்தேகம் இருக்கும் வீரரை இன்னும் ஓராண்டு பார்க்க அவகாசம் வாங்கும் கருவி. அதைத் தெரிந்த ஆளுக்குப் போட்டுவிட்டு, தெரியாத ஆளுக்கு நான்கு ஆண்டு எழுதிக்கொடுத்தார்கள்.

முதல் வழி: ஜோன்ஸுக்கு ஒப்பந்தம், பார்க்லிக்கு டேக்

அணி எடுத்தது இந்த வழியை. இதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஜோன்ஸின் முதல் ஆண்டுச் சுமை சுமார் 2.2 கோடிதான், பார்க்லி டேக்கையும் சேர்த்தால் 3.2 கோடி. குவார்ட்டர்பேக்குக்கு டேக் போட்டிருந்தால் அந்த ஒருவருக்கே அவ்வளவு போயிருக்கும், வரம்பில் 14 விழுக்காட்டுக்கும் மேல். பொது மேலாளர் ஜோ ஷேனுக்கு அன்று இடைநிலைத் தடுப்பாளர் வேண்டும், பாஸ் பிடிப்பவர் வேண்டும், எல்லாம் வேண்டும். மிச்சப்பட்ட இடத்தில் பாபி ஒகெரேகே 4 ஆண்டு 4 கோடிக்கு வந்தார், டேரன் வாலர் மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு ஈடாக வந்தார்.

விலை பின்னால் வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஜோன்ஸுக்கு 8.2 கோடி கொடுத்தே ஆக வேண்டும். அதாவது 2023 எப்படிப் போனாலும் 2024-லும் அவர்தான் குவார்ட்டர்பேக். 2023 செப்டம்பரில் இடம் போதாமல் சம்பளத்தில் 84 லட்சத்தைப் போனஸாக மாற்றிப் பின்னுக்குத் தள்ளினார்கள். 2024-ன் சுமை 4.7 கோடியைத் தாண்டியது. 2025-க்கு 2.3 கோடி காய உத்தரவாதமும் எழுதியிருந்தார்கள். காயம்பட்டு உடல்தகுதி இல்லாமல் போனால் அதையும் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 5, 2023, லாஸ் வேகஸ். ஜோன்ஸ் பின்வாங்கி வலது காலை ஊன்றுகிறார். யாரும் தொடவில்லை. முழங்கால் மடங்குகிறது, தசைநார் கிழிந்துவிட்டது. அந்த ஆண்டு ஆடிய 6 ஆட்டத்தில் 30 சாக், 2 டச்டவுன் பாஸ், 6 இன்டர்செப்ஷன். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை ஆண்டு முழுக்க 85 சாக் கொடுத்தது. எல்லாவற்றையும் ஜோன்ஸ் தலையில் கட்டுவது அநியாயம். ஆனால் அந்த முன்வரிசை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டே நான்கு ஆண்டு எழுதிக்கொடுத்தவர்கள் அணிக்காரர்கள்தான்.

இரண்டாம் வழி: ஜோன்ஸுக்கு டேக், பார்க்லிக்கு ஒப்பந்தம்

ஜோன்ஸ் 3.24 கோடி. பார்க்லிக்கு அடுத்த ஆண்டு ஈகிள்ஸ் கொடுத்த அளவிலேயே, 3 ஆண்டு 3.775 கோடி, அதில் 2.6 கோடி உத்தரவாதம் என்று வைத்துக்கொள்வோம். போனஸைப் பிரித்து எழுதினால் முதல் ஆண்டுச் சுமையை 60 லட்சத்துக்குள் அடக்கலாம். மொத்தம் 3.8 கோடி சொச்சம். முதல் வழியைவிட 60 லட்சம், மிஞ்சிப்போனால் 70 லட்சம் கூடுதல். ஒரு நடுத்தர வீரரை எடுக்காமல் விட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நவம்பரில் முழங்கால் போன பிறகு என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். 2024 மார்ச்சில் ஜோன்ஸின் கணக்கு பூஜ்யம். டெட் மணி இல்லை, காய உத்தரவாதம் இல்லை. 2024-ல் வரம்பு 25 கோடியே 54 லட்சமாக உயர்ந்தது, அதில் 4.7 கோடி காலியாக இருந்திருக்கும், குவார்ட்டர்பேக்குகள் நிறைந்த டிராஃப்ட்டில் 6-வது தேர்வும் கையில் இருந்திருக்கும்.

இதிலும் ஆபத்து உண்டு. ஜோன்ஸ் 2023-ல் பிரமாதமாக ஆடியிருந்தால், இரண்டாவது டேக் 120 விழுக்காடு, அதாவது 3.89 கோடி. அந்தக் கோடையில் ஹர்ட்ஸ், லமார் ஜாக்சன், ஹெர்பர்ட் என்று மற்ற அணிகளின் குவார்ட்டர்பேக்குகள் எல்லோரும் ஆண்டுக்கு 5 கோடியைத் தாண்டிவிட்டார்கள், ஜோன்ஸும் அதையே கேட்டிருப்பார். ஆண்டுக்கு ஒரு கோடி கூடுதல் செலவு. ஆனால் அது நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டார் என்று உறுதியான பிறகு வரும் செலவு. முதல் வழியின் செலவு, ஆள் சரியில்லை என்று தெரிந்த பிறகும் வருவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

தவறவிட்ட மூன்றாவது

எல்லாவற்றையும்விட மலிவான வழி 2022 மே மாதத்திலேயே மூடிவிட்டது. ஜோன்ஸின் ஐந்தாம் ஆண்டு உரிமையை (நான்கு ஆண்டு முதல் ஒப்பந்தத்தை அணி ஓராண்டு நீட்டும் உரிமை) ஏற்றிருந்தால் 2023-க்கு சுமார் 2.24 கோடியில் அவர் அணியில் இருந்திருப்பார், டேக்கும் மிச்சமாகியிருக்கும். ஷேனும் டேபாலும் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, ஜோன்ஸ் கழுத்துக் காயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார், ஏற்றால் தொகை முழுக்க உத்தரவாதம். மறுத்ததைக் குறை சொல்ல மாட்டேன்.

சியாட்டில் அதே வாரத்தில் செய்ததை மட்டும் கவனிக்கலாம். அதன் குவார்ட்டர்பேக் ஜீனோ ஸ்மித்தும் ஜோன்ஸ் போலவே ஒரே ஒரு நல்ல ஆண்டு காட்டியவர். அவருக்கு 3 ஆண்டு 7.5 கோடி அடிப்படை; மேலே 3 கோடி வரை ஆட்டத்தைப் பொறுத்து. நன்றாக ஆடினால் அவர் ஜெயிப்பார், ஆடாவிட்டால் அணிக்கு வெளியேறும் கதவு திறந்திருக்கும். ஜோன்ஸ் ஒப்பந்தத்தில் அந்தக் கதவு இரண்டு ஆண்டு பூட்டியிருந்தது.

2024 மார்ச்: பார்க்லியை விட்டது

பார்க்லி 2023 ஜூலையில் டேக் தொகையும், பிளேஆஃபுடன் கட்டிய 9 லட்சம் ஊக்கத்தொகையுமாக ஓராண்டுக்குக் கையெழுத்திட்டார். அணி 6-11, ஊக்கத்தொகையில் ஒன்றும் கிடைக்கவில்லை. 2024-ல் மறுபடி டேக் போட 1 கோடியே 21 லட்சம் ஆகியிருக்கும். அணி போடவில்லை. அவருக்குப் பதில் டெவின் சிங்கிள்டெரி, 3 ஆண்டு 1.65 கோடி.

அன்றைய நிலையில் இது அவ்வளவு தவறான முடிவு இல்லை. 27 வயது, 2023-ல் ஓட்டத்துக்கு 3.9 கஜம், முன்வரிசை நொறுங்கிக் கிடந்தது. பிலடெல்ஃபியாவில் அவர் எடுத்த 2,005 கஜத்தை நியூயார்க்கில் எடுத்திருப்பார் என்று சொல்பவர்கள் ஈகிள்ஸ் முன்வரிசையில் நின்ற மைலாட்டாவையும் லேன் ஜான்சனையும் கணக்கில் சேர்க்கவில்லை. தவறு அவரைப் போட்டி அணியிடம் இழந்ததில் மட்டும் இல்லை. அவரை வைத்துக்கொள்ளக் காசில்லாமல் செய்த ஓராண்டு பழைய முடிவில் இருக்கிறது.

2024 அக்டோபர் 20, மெட்லைஃப் மைதானம். பார்க்லி ஈகிள்ஸ் சட்டையில் 17 ஓட்டத்தில் 176 கஜம். எதிர்ப்பக்கம் ஜோன்ஸ் 99 கஜம் எறிந்து, 7 சாக் வாங்கி, ஆட்டத்தின் நாலாம் கால்பகுதியில் உட்காரவைக்கப்பட்டார். 28-3. நவம்பர் 18-ல் அவர் இடம் பறிபோனது. அந்த 2.3 கோடி காய உத்தரவாதம் இருந்ததால் ஒரு பந்துகூட ஆடவிட முடியாத நிலை. நவம்பர் 22-ல் விடுவித்தார்கள். 2025 கணக்கில் 2.22 கோடி டெட் மணி எழுதப்பட்டது.

2025-ல் இண்டியானாபொலிஸ் அவரை ஓராண்டுக்கு 1.4 கோடிக்கு எடுத்தது. நல்ல முன்வரிசை, பின்னால் ரன்னிங் பேக் ஜொனாதன் டெய்லர்; முதல் பத்து ஆட்டத்தில் 8 வெற்றி. டிசம்பரில் குதிகால் தசைநார் கிழிந்தபோது, அந்த அணி அடுத்த ஆண்டுக்கென்று அவருக்கு எழுதிக்கொடுத்திருந்த தொகை எதுவும் இல்லை.