மழைக்கு எந்த வண்டி? குமரி மாவட்டச் சாலைகளில் ஆல் வீல் டிரைவும் மற்றவையும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாராவது பெரிய விலையில் கார் எடுக்கப் போகிறார் என்றால், பேச்சு எப்படியும் ஒரு இடத்தில் வந்து நிற்கும்: "நம்மூரு மழைக்கு ஆல் வீல் டிரைவ் எடுத்தா பயமில்லைல்லா?" இன்ஜினின் இழுவை நான்கு சக்கரத்துக்கும் போகும் வண்டிதான் ஆல் வீல் டிரைவ். கேள்வி நியாயமானதுதான். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு என்று இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் இது. போதாக்குறைக்குக் கோடை மழையும் உண்டு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி கிளம்பும்போது ஆல் வீல் டிரைவ் பெரிய உதவி. வளைவில் அந்த உதவி பாதிதான். நிறுத்தும்போது ஒன்றுமே இல்லை. மழையில் நடக்கும் மோதல்களில் கிளம்ப முடியாமல் மோதியவர் யாரும் இல்லை; நிற்க முடியாமல் மோதியவர்கள்தான் அதிகம்.

இழுவை எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதை வைத்து ஒப்பிட மூன்று வகை இருக்கிறது. முன்சக்கர டிரைவ்: ஸ்விஃப்ட், ஐ20, இன்னோவா ஹைகிராஸ் தொடங்கி 265 குதிரைத்திறன் கொண்ட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வரை. பின்சக்கர டிரைவ்: இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ, ஈக்கோ, விலை கூடினால் பிஎம்டபிள்யூ 330. ஆல் வீல் டிரைவ்: டிகுவான், கோடியாக், எக்ஸ்யூவி 700-இன் உயர்ந்த டீசல் மாடல், ஆடி குவாட்ரோ வண்டிகள், 374 குதிரைத்திறன் கொண்ட பிஎம்டபிள்யூ எம்340ஐ.

மஹிந்திரா தார், டொயோட்டா ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோர் இரண்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நம்மூரில் இவற்றையும் ஆல் வீல் டிரைவ் என்றே சொல்லிவிடுகிறார்கள். லீவரையோ சுவிட்சையோ போடாதவரை இவை வெறும் பின்சக்கர வண்டிகள். 4எச் (நான்கு சக்கர நிலை) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். சேற்றுக்கும் மணலுக்கும் அது நல்லது. தார் ரோட்டில் இறுக்கமான வளைவில் அச்சுகள் ஒன்றையொன்று இழுக்கும், வண்டி திரும்ப மறுக்கும், கியர் அமைப்புக்கும் கேடு. மழை பெய்கிறதே என்று தேசிய நெடுஞ்சாலையில் 4எச் போட்டு ஓட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளம்பும்போது

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கும் கிளைப்பாதைகள் நிறைய. ஒரு வீட்டு முற்றத்திலிருந்து மேடேறி மெயின் ரோட்டுக்கு வர வேண்டும், மழையில் செம்மண் கரைந்து ரோட்டு விளிம்பில் படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கர வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு சக்கரம் வெறுமனே சுற்றும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னும், வண்டி நின்ற இடத்தில் முனகிவிட்டு மெதுவாக ஏறும். மேட்டில் எடை பின்னால் போய்விடுவதால் முன்சக்கரத்துக்குப் பிடி குறைகிறது. கிரிஸ்டாவில் பின்பக்கம் லேசாக ஒரு பக்கம் ஒதுங்கி, அப்புறம் நேராகும். ஆல் வீல் டிரைவ் வண்டி எந்தச் சத்தமும் இல்லாமல் ஏறி வந்துவிடும்.

இந்த இடத்தில் ஆல் வீல் டிரைவுக்கு முழு மதிப்பெண். கீரிப்பாறை, மாறாமலை, கோதையாறு பக்கம் தினமும் போய்வருகிறவருக்கு இது ஆடம்பரமே இல்லை.

ஆனால் ஆபத்தும் இங்கேயேதான் தொடங்குகிறது. முன்சக்கர வண்டிக்காரருக்கு அந்த மஞ்சள் விளக்கு ஒரு சேதி சொல்லிவிட்டது: ரோடு வழுக்குகிறது, பார்த்துப் போ. ஆல் வீல் டிரைவ்காரருக்கு அந்தச் சேதியே வரவில்லை. எம்340ஐ காய்ந்த ரோட்டில் 4.4 வினாடியில் நூறைத் தொடும். ஈர ரோட்டிலும் கிட்டத்தட்ட அதே உறுதியோடு கிளம்பும். ஓட்டுபவர் 'ரோடு நன்றாகத்தான் பிடிக்கிறது' என்று நம்பி, அந்த நம்பிக்கையிலேயே முதல் வளைவுக்குப் போய்ச் சேர்கிறார்.

மின்சாரக் கார்களில் இது இன்னும் கூடுதல். 530 குதிரைத்திறன் கொண்ட பிஒய்டி சீல், 325 குதிரைத்திறன் கொண்ட கியா இவி6 ஆகியவற்றில் மோட்டாரின் முழு இழுவையும் மிதித்த நொடியில் வந்துவிடும், சத்தமும் கிடையாது. காலை எடுத்தால் மோட்டாரே பிரேக் பிடிப்பதால், மழை நேரத்தில் அந்த அளவைக் குறைத்து வைத்து ஓட்டுவது நல்லது.

வளைவில்

முன்சக்கர வண்டி வேகம் கூடிப்போனால் ஸ்டியரிங் திருப்பியும் நேராகவே போகப் பார்க்கும். பயந்து காலை எடுப்போம்; எடை முன்னால் வந்து விழும்; வண்டி மறுபடி திரும்பும். நம் பயத்தின் இயல்பான எதிர்வினையே அங்கே பெரும்பாலும் சரியான வைத்தியமாக அமைந்துவிடுகிறது. சாதாரண ஓட்டுநருக்கு முன்சக்கர வண்டி பொருத்தம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பின்சக்கர வண்டியில் வளைவுக்கு நடுவே சட்டென்று மிதித்தால் பின்புறம் வெளியே தள்ளும். சட்டென்று கியரைக் குறைத்தாலும் இது நடக்கலாம். பின்புறம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்க வேண்டும். எல்லோருக்கும் அது உடனே கைவராது. மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, அதாவது இஎஸ்பி, இருக்கும் வண்டி என்றால் தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு அதுவே நேராக்கப் பார்க்கும். அது இல்லாத பழைய வண்டியில் மழைக்கால வளைவு ஓட்டுநரின் கையை நம்பித்தான் இருக்கிறது.

ஆல் வீல் டிரைவிலும் எல்லாம் ஒன்றல்ல. டிகுவான், கோடியாக் போன்றவை சாதாரண நேரத்தில் பெரும்பாலும் முன்சக்கர வண்டிகளே. தேவைப்படும்போது கிளட்ச் வழியாகப் பின்சக்கரத்துக்கு இழுவை போகும். பிஎம்டபிள்யூவின் எக்ஸ்டிரைவ் பின்சக்கரத்துக்கு முதலிடம் கொடுக்கும். எதுவானாலும் வளைவிலிருந்து வெளியே வரும்போது, மெதுவாக மிதித்து வேகமெடுக்கும் கட்டத்தில், ஆல் வீல் டிரைவ் மற்ற இரண்டையும்விடத் தெளிவாக மேல். வளைவுக்குள் நுழையும்போது அந்த மேன்மை இல்லை. அங்கே பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது டயர் மட்டும்தான், அதற்கு எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது பொருட்டே இல்லை. எல்லை தாண்டினால் நான்கு சக்கரமும் சேர்ந்தாற்போல வழுக்கும். எச்சரிக்கை தாமதமாக வரும். அது வரும்போது வேகமும் கூடுதலாக இருக்கும்.

ரப்பர் மர நிழலில் போகும் ரோடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகும் அங்கே ஈரம் காயாது, ஓரத்தில் பாசி இருக்கும். ஒரு வளைவு வெயிலில் காய்ந்து கிடக்கும், அடுத்த வளைவு நனைந்து கிடக்கும். இலை உதிரும் மார்கழி, தையில் ஒரு சாரல் விழுந்தால் போதும், இலை மெத்தை முழுவதும் வழுக்கும்.

நிறுத்தும்போது

தக்கலையில் ஒரு டயர் கடையில் வேலை செய்யும் பெரியவர் சொல்வார்: "கெளப்புறதுக்குத்தான் ரெண்டு வீலு, நாலு வீலு எல்லாம். நிப்பாட்டுறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு வீலுதான் பாத்துக்கிடுங்க." ஒப்பீட்டின் நடுப்புள்ளி அதுதான்.

கணக்கைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. முன்னால் போகும் டாரஸ் லாரியின் பிரேக் விளக்கைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்றால், பிரேக் பிடிக்கும் முன்பே 33 மீட்டர் போய்விட்டது. காய்ந்த ரோட்டில் அப்புறம் சுமார் 31 மீட்டரில் நிற்கும். நனைந்த ரோட்டில், நல்ல டயரோடு, சுமார் 50 மீட்டர். டயர் மொட்டையாக இருந்தால் 80 மீட்டரைத் தாண்டலாம். இதில் முன்சக்கரம், பின்சக்கரம், ஆல் வீல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேகத்தை 60 ஆகக் குறைத்தால் அந்த 50 மீட்டர் 28 ஆகிவிடுகிறது. எந்த டிரைவ் அமைப்பாலும் இந்த அளவு லாபம் கிடைக்காது.

ஒன்றை மட்டும் ஆல் வீல் டிரைவுக்குக் கொடுக்கலாம். மலைப்பாதையில் இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜின் பிடியில் இறங்கினால், நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும் வண்டியில் அந்தப் பிடியும் பரவலாக விழும். பின்சக்கர வண்டியில் அது பின்சக்கரத்தில் மட்டும் விழுவதால் ஈரத்தில் வழுக்க வாய்ப்பு உண்டு.

தேங்கிய தண்ணீர்

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரும் ரோட்டில் கனரக லாரிகள் போய்ப் போய் இரண்டு சக்கரத் தடம் அழுந்திக் கிடக்கும் இடங்கள் உண்டு. மழையில் அவை இரண்டு வாய்க்கால். வேகமாகப் போனால் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து வண்டி மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், அதுதான் அடையாளம். அப்போது பிரேக்கை அழுத்தக் கூடாது, திருப்பவும் கூடாது. காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டயர் மறுபடி ரோட்டைத் தொடும்வரை பொறுக்க வேண்டும். வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் குரூஸ் கண்ட்ரோலை மழையில் போடவே கூடாது.

இந்த மிதப்புக்கு 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கண்ட ஒரு கணக்கு இருக்கிறது. டயரின் பள்ளத்தைவிட ஆழமாகத் தண்ணீர் நிற்கும்போது, காற்று 32 பாயிண்ட் (பிஎஸ்ஐ) என்றால் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்தில் டயர் மிதக்கத் தொடங்கும். காற்று 24 பாயிண்டுக்கு இறங்கியிருந்தால் 82-லேயே மிதக்கும். சொகுசாக ஓடட்டும் என்று காற்றைக் குறைத்து வைப்பவர்கள் இந்த 12 கிலோமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அகல டயர் இன்னும் எளிதாக மிதக்கும். சின்னக் காரில் 165, 185 மில்லிமீட்டர் அகலம்; பவர் வண்டியில் 225, 255. ஆக, தேங்கிய தண்ணீரில் விலை கூடிய வண்டிதான் கொஞ்சம் பின்தங்குகிறது.

ஓடும் தண்ணீர் வேறு விஷயம். குழித்துறை சப்பாத்து போன்ற தாழ்ந்த பாலங்களில் ஆறு மேலே ஏறி ஓடும்போது எந்த வண்டியும் வண்டி இல்லை. ஓர் அடி உயர ஓட்டம் பல கார்களைத் தூக்கிவிடும்; இரண்டடி என்றால் எஸ்யூவியையும் இழுத்துக்கொண்டு போகும். 2021 நவம்பரில் மாவட்டத்தையே வெள்ளம் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டோம். தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் கதை இன்னொரு மாதிரி. முப்பந்தல் பக்கம் மழையோடு பக்கக்காற்று அடித்தால் உயரமான எஸ்யூவி ஆடும், தாழ்ந்த செடான் அசையாது. டிரைவ் அமைப்புக்கு அங்கே வேலை இல்லை.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது?

டயரில். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நல்ல டயர் போட்ட ஸ்விஃப்ட், தேய்ந்த டயர் போட்ட எம்340ஐயைவிட மழையில் சீக்கிரம் நிற்கும். புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும், சட்டம் 1.6 வரை அனுமதிக்கிறது. நம்மூர் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவதுதான் புத்தி. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் (டயரின் மேல்கட்டைகள்) தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் சட்டப்படியே டயர் முடிந்தது. ஐப்பசி பிறக்கும் முன் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக மாற்றினால், முன்சக்கர வண்டியானாலும் புதியதைப் பின்னால்தான் போட வேண்டும். பல கடைகளில் முன்னால் போட்டுத் தருகிறார்கள். முன்பக்கம் வழுக்கினால் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ஆல் வீல் டிரைவில் பாதி பழசு, பாதி புதுசு என்ற பேச்சே வேண்டாம். சுற்றளவு மாறினால் நடுவிலுள்ள கிளட்சும் டிஃபரன்ஷியலும் ஓயாமல் வேலை செய்து சூடாகும். நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டிவரும் அந்தச் செலவை வண்டி வாங்கும்போதே மனதில் வைக்க வேண்டும். அந்தப் பெரிய பில்லுக்குப் பயந்து தேய்ந்த டயரோடே இன்னொரு மழைக்காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவருக்கு, ஆல் வீல் டிரைவ் வாங்கியதன் பயனே போய்விட்டது.

என் தேர்வு இப்படி. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று தார் ரோட்டிலேயே ஓடுபவர் இஎஸ்பி உள்ள முன்சக்கர வண்டியை எடுத்து, மிச்சப் பணத்தில் நல்ல டயர் போடலாம். மலையோரத் தோட்டம், எஸ்டேட் என்று வழி இருப்பவருக்கு டீசல் ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி தகும். பின்சக்கர வண்டியை மழைக்கென்று தேடி வாங்க வேண்டாம்; ஏற்கெனவே கிரிஸ்டா இருந்தால் மாற்றவும் வேண்டாம், வளைவில் கால் மெதுவாக இருந்தால் போதும்.

பவர் கூடிய ஆல் வீல் டிரைவை ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு: மழையில் ஸ்போர்ட் மோடை எடுத்துவிடுங்கள், இஎஸ்பி பொத்தானைத் தொடாதீர்கள். வளைவுக்கு முன்பே, நேர் ரோட்டிலேயே பிரேக் வேலையை முடித்துவிடுங்கள். அவசரத்தில் பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடியுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் தடதடக்கும், அதற்குப் பயந்து காலை எடுக்காதீர்கள். ஓடும் வண்டியில் ஹசார்ட் விளக்கு வேண்டாம், பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று தெரியாது. ஹெட்லைட் போதும். பின்னால் ஆள் இல்லாத நேரான இடத்தில், 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள். ஆக்சிலேட்டர் மறைத்துவைத்த ரோட்டின் நிலையை அந்த ஒரு அழுத்தல் காட்டிவிடும். கோடையின் முதல் மழையில், தூசியும் எண்ணெயும் கரைந்து ரோடு முழுக்கப் படியும் அந்த அரைமணி நேரத்தில், இதைக் கட்டாயம் செய்யுங்கள்.