புது மதர்போர்டு என்று சொல்லி 4,200 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள், ஜாக்கிரதை

இன்று மதியம்தான் கீழேயிருந்து வெறுங்கையோடு கோத்தகிரி வந்து சேர்ந்தேன். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. இன்னொருவர் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று உடனே எழுதுகிறேன்.

சின்னதாக ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்துகிறேன். கடையில் இருப்பது இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசஸர் போட்ட கம்ப்யூட்டர். போன மாதம் அதன் மதர்போர்டு, ஹெச்61 என்கிற பழைய மாடல், போய்விட்டது. இந்தப் பிராசஸர் போர்டில் 1155 என்கிற வகை சாக்கெட் இருந்தால்தான் உட்காரும். இப்போது வருகிற போர்டில் என்னிடம் இருக்கும் பழைய டிடிஆர்3 வகை ரேமும் ஏறாது. போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றப் பணமில்லை. பிள்ளைகள் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட வரும் நேரம் வேறு. அதனால் கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணா, இது கம்பெனி பழைய ஸ்டாக், சீல் உடைக்காதது. மூணு வருஷம் வாரண்டி. மலையிலிருந்து வர்றீங்க, உங்களை அலைய விடுவேனா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். என் கண் முன்னால்தான் சீலைக் கிழித்தார். பெட்டியும் பளபளவென்று இருந்தது. 4,200 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில்லில் "மதர்போர்டு 1" என்று மட்டும் எழுதினார், நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் டிஸ்பிளே வரவில்லை. ஃபேன் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன், அசையவில்லை. கடைசியில் போர்டையே வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். திருகு மாட்டும் துளைகளைச் சுற்றி வட்ட வட்டமாகப் பழைய கீறல். பின்பக்கம், ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்டுக்கு அடியில், பழுப்பாகப் பிசுபிசுவென்று ஃப்ளக்ஸ், அதாவது ஈயம் பற்றவைக்கும்போது தடவும் பசை. யாரோ சூடு வைத்துச் சரிசெய்த போர்டு அது. பெட்டியில் இருக்கும் சீரியல் எண் ஒன்று, போர்டில் இருப்பது வேறு.

போன் செய்தேன். "டிஸ்ட்ரிபியூட்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார்கள். மூன்று நாள் கழித்து, "ஓனர் வெளியூர்." அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. இன்று விடியற்காலை பஸ் பிடித்து நேரில் போனேன். "உங்க ஊர் ஈரத்துல போயிருக்கு சார், அதுக்கு வாரண்டி கிடையாது. பில்லுல வாரண்டின்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார் அதே ஆள். அன்றைக்கு அண்ணா, இன்றைக்கு சார். என் பழைய போர்டு இதே மேசையில், இதே பனியில் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது! சீரியல் எண்ணைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆளைக் கவனிக்கிறார். 4,200 ரூபாய் போனது மட்டுமா, கடை சும்மா கிடந்த நாட்கள் வேறு.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். பெரிய கம்பெனிகள் 1155 போர்டை நிறுத்திப் பல வருடமாகிவிட்டது, அந்தக் கம்பெனிப் போர்டை யாராவது புதுசு என்று சொன்னால் எளிதில் நம்பாதீர்கள். திருகுத் துளைகளைப் பாருங்கள். சீரியல் எண்ணையும் வாரண்டியையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் பிராசஸரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே மாட்டி டிஸ்பிளே வருகிறதா என்று பாருங்கள். பயாஸ், அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள், பழையதாக இருந்தால் ஹெச்61 போர்டு மூன்றாம் தலைமுறைப் பிராசஸரை ஏற்காது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் கொடுத்துவிட்டேன். பில், பெட்டி, போர்டு மூன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 4,200 ரூபாயை விடுவதாக இல்லை.