எண்டேவர் 3.2: மைலேஜுக்காகக் கழற்றியவை

நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 9 கி.மீ. தந்துகொண்டிருந்த என் ஃபோர்டு எண்டேவர், இப்போது நிதானமாக ஓட்டினால் 12.5 தருகிறது. இதற்காக எந்தக் கருவியையும் நான் வாங்கிப் பொருத்தவில்லை. டயரைத் தவிர மற்றதெல்லாம் கழற்றிய வேலைதான்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின், 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர் இழுவிசை, ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ், 80 லிட்டர் டேங்க். எடை இரண்டேகால் டன்னுக்கு மேல். மறைமலைநகரில் உருவான இந்த வண்டியை, உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் நிறுவனம் அறிவித்த பிறகு, இரண்டாம் கையாக வாங்கினேன். கொல்லிமலையில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் காபியும் உண்டு. தோட்டத்துக்குப் போகும் கடைசி மண் பாதையில், மழைக்காலத்தில் சாதாரண கார் ஏறாது. ஆகவே, இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது அந்தப் பதில் கொஞ்சம் மெலிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

முந்தைய உரிமையாளர் ரசிகர். கூரையில் நீளமான இரும்பு கேரியர், அதன் நெற்றியில் விளக்குப் பட்டை, முன்னால் பம்பரை மறைக்கும் கனத்த இரும்புத் தடுப்பு (கார்டு), கம்பெனி அளவைவிட உயரமான ஏ.டி. டயர்கள் (மண், சேறு எல்லாவற்றுக்குமான ஆல் டெரெய்ன் ரகம்). படத்துக்கு நன்றாக இருந்தது.

எதையும் தொடுவதற்கு முன் அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நாமக்கல் வட்டாரத்தில் அதற்கு ஆசிரியருக்குப் பஞ்சம் இல்லை. எங்கள் மாமா லாரி உரிமையாளர். லாரித் தொழிலில் கால் கிலோமீட்டர் மைலேஜ் குறைந்தால் மாதக் கணக்கு சிவந்துவிடும் என்பதால், அவர் நோட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் இருக்கும். டேஷ்போர்டுத் திரை 11 காட்டுகிறது என்று நான் சொன்னதற்கு, "ஸ்கிரீனா டீசலுக்குக் காசு கொடுக்கிறது, மாப்பிள்ளை?" என்று கேட்டார். எந்த வண்டியிலும் திரையில் வருவது கணினியின் மதிப்பீடு. பங்கில் நிரம்பும் லிட்டர்தான் கணக்கு.

அவருடைய முறை எளிது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், டேங்கை நிரப்பும்போது தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தை நிரம்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஆனால் ஒரு தடவைக் கணக்கை அவர் நம்பவே மாட்டார். நுரை காரணமாக பம்ப் குழாயின் முனை இரண்டு லிட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால், 50 லிட்டர் நிரப்பியதில் 4 சதவீதப் பிழை வந்துவிடும். வெயிலில் டீசல் விரிவடையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட 1 சதவீதம். ஒரு டேங்க் ஓட்டிவிட்டு "அரை கிலோமீட்டர் கூடிவிட்டது" என்று கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பிழையைத்தான் கொண்டாடுகிறார்கள். பல டேங்க்குகளின் சராசரியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இறங்கியது கேரியர். விளக்குப் பட்டையுடன் ஓடுவது, விரித்த குடையோடு எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பது போன்றது. சும்மா காலியாக இருந்தாலும் காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும். கழற்றிய அன்றே கூரையில் கேட்ட ஊளைச் சத்தம் நின்றுபோனது. முன்னால் இருந்த இரும்பு கார்டையும் எடுத்தேன். அதை எடுக்க மைலேஜைவிட வலுவான காரணம் இருக்கிறது. மோதலின்போது நடந்து செல்பவர்களுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் இவற்றால் ஆபத்து என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. இரண்டும் போனதும் 9 ஆக இருந்தது 9.6 ஆனது. பின்பக்கத்தில் நிரந்தரமாகக் குடியிருந்த கயிறு, சங்கிலி, இரும்பு ஜாக்கி, பழைய பேட்டரி எல்லாவற்றையும் இறக்கியதற்கு நெடுஞ்சாலையில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் ஒன்றும் இல்லை. இவ்வளவு எடையுள்ள வண்டியில் 50 கிலோ பெரிய விஷயமே அல்ல. சத்தம் குறைந்தது லாபம்.

டயர் கதை சுவாரஸ்யமானது. கம்பெனி அளவு 265/60 ஆர் 18 (மில்லிமீட்டரில் அகலம், அதில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அங்குலத்தில் ரிம் விட்டம்). வண்டியில் இருந்தது 265/65 ஆர் 18. முதல் டயரின் விட்டம் சுமார் 775 மில்லிமீட்டர், இரண்டாவது 802. அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் டயர் 3.4 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது. ஓடோமீட்டருக்கோ அது தெரியாது. மீட்டரில் 100 கி.மீ. ஓடியதாகக் காட்டும்போது சாலையில் 103க்கு மேல் ஓடியிருக்கும். எனவே நான் 9.6 என்று எழுதிவைத்தது உண்மையில் 9.9. கம்பெனி அளவில் சாலைக்கான எச்.டி. (ஹைவே டெரெய்ன்) டயர் மாட்டியதும் கணக்கு 10.5 ஆனது. கடையில் இதை "0.9 கூடிவிட்டது" என்பார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு வெறும் மீட்டர் கணக்கு; டயரின் எடையும் உருளும்போது வரும் உராய்வும் குறைந்ததால் வந்தது மீதி 0.6 மட்டும்.

இந்த 0.6ஐ ரூபாயாக்கிப் பார்த்தேன். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டினால் 86 லிட்டர் மிச்சம், சுமார் 8,000 ரூபாய். நான்கு நல்ல டயர்களின் விலை 50,000 ரூபாயைத் தாண்டும். மைலேஜுக்காக மட்டும் நல்ல டயரைக் கழற்றி எறிவது புத்திசாலித்தனம் அல்ல. நான் பழையவற்றை விற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதை சேறாகும்போது ஏ.டி. டயர்கள் ஏறும், மார்கழி கடந்ததும் எச்.டி. திரும்பி வரும். இரண்டு செட் டயர்களும் மாறி மாறித் தேய்வதால் பணம் எங்கும் போய்விடவில்லை. கழற்றி மாட்டும் கூலியும், கார் நிறுத்தும் இடத்தில் டயர் அடைத்துக்கொள்வதும்தான் தொல்லை.

காற்றழுத்தத்தைப் பற்றி ஊரே பெரிதாகப் பேசுகிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நான்கு டயர்களின் சராசரியில் 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம்தான் குறையும். 5 பி.எஸ்.ஐ. குறைந்தாலும் 1 சதவீதம். ஆனாலும் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவைத் தவறாமல் கடைப்பிடிக்கிறேன். காற்றுக் குறைந்த டயர் நம் ஊர் வெயிலில் சூடேறி வெடிக்கும் என்ற பயம் மைலேஜைவிடப் பெரியது.

இனி வேகம். மேலே சொன்ன எல்லாவற்றையும் சேர்த்தாலும் வலது காலுக்கு ஈடாகாது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 80 கி.மீ.யில் இருப்பதைவிட 100இல் அது ஒன்றரை மடங்குக்கும் அதிகம். எண்டேவரின் நெஞ்சு அகலமும் உயரமும் கொண்டது என்பதால் சிறிய கார்களைவிட இங்கே அடி பலமாக விழுகிறது. சேலம் – உளுந்தூர்பேட்டை சாலையில் 100இல் நிறுத்தி ஓட்டினால் எனக்கு 10.5; 80இல் 12.5. மத்திய அரசின் எரிபொருள் சிக்கன அமைப்பான பி.சி.ஆர்.ஏ. 45 முதல் 55 வரையே உத்தமம் என்கிறது. நான்கு வழிச் சாலையில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வரும் பஸ் நம் சந்ததியையே வாழ்த்திவிட்டுப் போகும்.

250 கி.மீ. சீரான சாலை என்று வைத்துக்கொள்வோம். 100க்குப் பதில் 80இல் போனால் 37 நிமிடம் தாமதம். மிச்சம் ஏறக்குறைய 3.8 லிட்டர், 350 ரூபாய். விமானத்தைப் பிடிக்க வேண்டுமானால் நான் அந்த 350ஐக் கொடுத்துவிடுவேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு என்றால் 80 போதும். எப்படியும் பந்தி இரண்டாவதுதான் கிடைக்கும்.

வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோல் சமவெளியில் நல்ல உதவி. மேடு பள்ளமாக இருக்கும் இடத்தில் அணைத்துவிடுவேன். மேட்டில் வேகம் இம்மியும் குறையக் கூடாது என்று அது எஞ்சினை விரட்டும். நானாக இருந்தால் 80ஐ 72க்கு இறங்க விட்டு, இறக்கத்தில் திரும்பப் பிடித்துக்கொள்வேன். லாரி ஓட்டுநர்கள் காலங்காலமாகச் செய்வது இது.

இன்னொன்றும் அவர்களிடமிருந்து வந்தது. நீண்ட ஓட்டம் முடிந்து டீக்கடையில் நிறுத்தியதும் நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுவார்கள். அப்படிப் பார்த்தபோது என் வண்டியின் முன் இடது சக்கரம் மட்டும் தனியாகக் கொதித்தது. மலைச்சேறு புகுந்து பிரேக் கேலிப்பரில் (பிரேக் கட்டையை அழுத்தும் பாகத்தில்) நகர வேண்டிய ஊசி இறுகி, பிரேக் முழுதாக விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சுத்தம் செய்து கிரீஸ் வைக்க ஆன செலவு ஒரு குடும்பச் சாப்பாட்டுக்கும் குறைவு. மழைக்காலம் முடிந்ததும் இதைப் பார்ப்பது இப்போது வழக்கம்.

டீசலில் கலக்கும் பாட்டில், எரிபொருள் குழாயில் கட்டும் காந்தம், டேஷ்போர்டில் செருகும் பெட்டி என்று என்னிடம் விற்க முயன்றவர்கள் ஏராளம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட 100க்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசோதித்திருக்கிறது; மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியதாக ஒன்றும் தேறவில்லை. எஞ்சின் கணினியை மாற்றி எழுதும் ரீமேப் வேறு ரகம். இழுவை நிச்சயம் கூடும். கூடிய இழுவையை அனுபவிக்காமல் பழைய மாதிரியே மெதுவாக ஓட்டும் மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆயிலில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். கையேடு 5டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) என்றால் அதுதான். "வண்டி பழசாகிவிட்டது, கெட்டியான ஆயில் ஊற்றலாம்" என்ற ஆலோசனையை ஏற்றால் எஞ்சின் அந்தக் கெட்டித்தன்மையோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

மலை தனிக் கணக்கு. அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு இரண்டரை டன் வரும் வண்டியை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 2 லிட்டர் டீசல் வேண்டும். இது இயற்பியல், ஓட்டும் திறமையால் தள்ளுபடி வாங்க முடியாது. இறங்கும்போதுதான் பலர் நியூட்ரலில் விட்டுச் சேமிப்பதாக நினைக்கிறார்கள். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்த எஞ்சினுக்கு டீசல் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தன்னைத் தானே ஓடவைத்துக்கொள்ள டீசல் குடிக்கும், பிரேக்கும் சூடேறிவிடும். மேனுவல் நிலையில் இரண்டாவது கியரைப் பிடித்து இறங்குவதே மலிவும் பத்திரமும். தோட்டத்துச் சேற்றில் லோ ரேஞ்ச் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஏற உதவும் கியர் நிலை) போட்டபின் மைலேஜைப் பற்றி நினைப்பதில்லை. அது சின்னத் தூரம், அங்கே சக்கரம் சுற்றாமல் ஏறுவதுதான் வேலை.

ஊருக்குள் இன்னும் 8தான். எஞ்சின் சூடாவதற்குள் முடிந்துவிடும் ஓட்டம், சிக்னல், நிறுத்த இடம் தேடிச் சுற்றுவது. இதில் எதையும் கழற்ற முடியாது. குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்று. ஏ.சி. ஓட நின்றுகொண்டிருந்தால் இந்த எஞ்சின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். கல்யாண மண்டப வாசலில் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்குவதை எங்கள் ஓட்டுநர் இப்போது நிறுத்திவிட்டார். நிழலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் மற்ற ஓட்டுநர்களோடு உட்கார்ந்துகொள்கிறார்.