பந்து–குச்சி மாதிரிப் பெட்டியில் பாஸ்பீன் கார்பனைல்கள்: ஒரு மதிப்பீடு

அணைவுச் சேர்மங்களுக்கென்றே விற்கப்படும் பிளாஸ்டிக் பந்து–குச்சி மாதிரிப் பெட்டி ஒன்றை மதுரையிலிருந்து வரவழைத்து, கீழக்கரையில் நான் கனிம வேதியியல் நடத்தும் முதுகலை வகுப்பில் இந்தப் பருவம் முழுவதும் பயன்படுத்தினோம். பழைய பெட்டியின் கம்பிச் சுருள்களைக் கடற்காற்று தின்றுவிட்டதால், உலோகப் பாகமே இல்லாத பெட்டி வேண்டும் என்பதுதான் இதை வாங்கியதற்கு முதற்காரணம். அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலோகக் கார்பனைல்களில் (உலோகத்தோடு கார்பன் மோனாக்சைடு இணைந்த சேர்மங்களில்) பாஸ்பரஸ் ஈனிகள், அதாவது பாஸ்பரஸ் வழியாக உலோகத்தோடு இணையும் மூலக்கூறுகள், என்ன செய்கின்றன என்று காட்டுவதற்கு இது போதுமா என்பது வேறு கேள்வி.

முதல் தடை கார்பன் பந்தில் வருகிறது. உலோகம், கார்பன், ஆக்சிஜன் மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அதற்கேற்ப நேரெதிர்த் துளைகள் கொண்ட கார்பன் பந்துகள் நான்குதான் இருக்கின்றன, குரோமியம் பென்டாகார்பனைலுக்கோ ஐந்து வேண்டும். ஐந்தாவதற்கு, துளைகள் நேரெதிராக இல்லாத நான்முகிப் பந்தைச் செருகினால் கார்பனைல் கோணலாக நிற்கிறது. மாணவிகளும் தேர்வில் அதை அப்படியே வரைந்து வைக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை, எல்லாப் பிணைப்புக்கும் ஒரே நீளக் குச்சி என்பது. டிரைஃபீனைல்பாஸ்பீன் (பாஸ்பரஸில் மூன்று ஃபீனைல் வளையங்கள் கொண்ட ஈனி) இணைந்த குரோமியம் பென்டாகார்பனைலின் படிக அமைப்பில் குரோமியம்–பாஸ்பரஸ் பிணைப்பு 2.422 ஆங்ஸ்ட்ராம், அதற்கு எதிர்ப்புறக் கார்பனைலின் குரோமியம்–கார்பன் பிணைப்பு 1.844, மற்ற நான்கின் சராசரி 1.880. பாஸ்பீன் கார்பனைலைவிடக் குறைவாகவே உலோகத்தின் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதால், எதிரே இருக்கும் கார்பனைலுக்குக் கூடுதல் பங்கு கிடைத்து அந்தப் பிணைப்பு குறுகுகிறது. பாஸ்பீனுக்குப் பதில், அதைவிடக் கூடுதலாக எலக்ட்ரானை வாங்கும் டிரைஃபீனைல்பாஸ்பைட் வந்தால் குரோமியம்–பாஸ்பரஸ் 2.309 ஆகச் சுருங்க, எதிர்ப்புறம் 1.861 ஆக நீள்கிறது. பாடத்தின் உயிரே இந்தச் சிறு வேறுபாடுகளில் இருக்கிறது, பெட்டியோ அதைத் தொடவே இல்லை. இதற்கு நாங்கள் படிக அமைப்பின் தரவுகள் அடங்கிய சிஐஎஃப் கோப்பை, அதைக் காட்டும் மெர்குரி மென்பொருளில் திறந்து அளந்துகொண்டோம்.

பெட்டி கைகொடுத்தது எதிர்பாராத ஓரிடத்தில். மாலிப்டினம் டெட்ராகார்பனைலில் இரண்டு டிரைஃபீனைல்பாஸ்பீன்களை அருகருகே, அதாவது சிஸ் நிலையில் வைத்தபோது, ஃபீனைல் வளையங்கள் ஒன்றோடொன்று முட்டி, எவ்வளவு அழுத்திச் செருகினாலும் ஒரு பாஸ்பரஸ் துளையை விட்டு வெளியே வந்தது. உண்மை மூலக்கூறு அந்த நெருக்கடியைக் கோணத்தை விரித்துச் சமாளிக்கிறது: 1982இல் வெளியான படிக அமைப்பில் பாஸ்பரஸ்–மாலிப்டினம்–பாஸ்பரஸ் கோணம் 90 பாகை அல்ல, 104.6 பாகை. சூடாக்கினால் அது, பாஸ்பீன்கள் எதிரெதிரே நிற்கும் டிரான்ஸ் மாற்றியமாகிவிடுகிறது. டிரான்ஸ் நிலையில் எங்கள் மாதிரியும் சிரமமின்றி நின்றது.

ஆனாலும் ஈனியின் பருமனைக் காட்ட இந்த மெலிந்த குச்சிகள் ஏற்றவையல்ல. ஈனியின் பருமனை, அதை உள்ளடக்கும் ஒரு கூம்பின் கோணத்தால் குறித்த வேதியியலாளர் டால்மன், தம் கூம்புக் கோணங்களை அளந்ததே அணுக்களின் முழுப் பருமனையும் காட்டும் இடம் நிரப்பும் மாதிரிகளில்தான். கூம்பின் முனையைப் பாஸ்பரஸிலிருந்து 2.28 ஆங்ஸ்ட்ராம் தள்ளி வைத்து, டிரைமெத்தில்பாஸ்பீனுக்கு 118 பாகையும் டிரைஃபீனைல்பாஸ்பீனுக்கு 145 பாகையும் கண்டார். பாஸ்பீன்களை முதன்மையாக நடத்துவோர் அந்த வகைப் பெட்டியையே கேட்டு வாங்கலாம். சிஸ்–டிரான்ஸ், ஃபேக்–மெர் (ஒரே வகை ஈனிகள் மூன்று எண்முகியின் ஒரே முகத்தில் இருப்பதும், உலோகத்தின் ஊடாகச் செல்லும் ஒரே தளத்தில் இருப்பதும்) மாற்றியங்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன், நேர்கோட்டுக் கார்பன் பந்துகளைத் தனியாக ஒரு பொட்டலம் சேர்த்து வாங்கினால்.