"எந்த க்ரீமிலும் வரும்" என்று சொல்லி விற்ற ஸ்டென்சில் செட்டும், அதோடு வந்த தங்கப் பொடியும்

போன மே மாதம் என் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். கேக்கை வீட்டிலேயே செய்து, மேலே தங்க நிறத்தில் பூக்கோலம் மாதிரி ஒரு டிசைன் போட ஆசைப்பட்டேன். இன்ஸ்டாகிராமில் கேக் சாமான் விற்கும் ஒரு பக்கத்தில் 850 ரூபாய்க்கு ஒரு செட் இருந்தது: நான்கு ஸ்டென்சில் (டிசைன் வெட்டிய ஷீட்), க்ரீமை இழுத்துவிட ஒரு ஸ்க்ரேப்பர், ஒரு சின்ன டப்பா தங்கப் பொடி.

வாங்கும் முன்பே கேட்டேன். "நான் விப்பிங் க்ரீம்தான் போடுவேன், அதில் வருமா?" "எந்த க்ரீமிலும் வரும் சிஸ், எல்லாரும் வாங்குறாங்க" என்று பதில் வந்தது. பொடியைச் சாப்பிடலாமா என்றும் கேட்டேன். "நான்-டாக்சிக்தான் சிஸ், பயப்படவே வேண்டாம்." விஷம் இல்லாதது என்று அர்த்தம். பணம் அனுப்பிவிட்டேன். பில் பார்சலோடு வரும் என்றார்கள், வரவில்லை.

பிறந்தநாளுக்கு முந்தின இரவு ஒரு கிலோ வெனிலா கேக்குக்கு வெள்ளை க்ரீம் பூசி, ஸ்டென்சிலை வைத்து, கலர் கலந்த க்ரீமை மேலே இழுத்துவிட்டுத் தூக்கினேன். அடியில் இருந்த வெள்ளை க்ரீமும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்தது. மறுபடி பூசி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தேன். மதுரை வெயிலில் வெந்து கிடந்த அடுப்படியில் ஐந்தே நிமிடத்தில் கேக் வியர்த்துவிட்டது. ஸ்டென்சில் வழுக்கியது, கோடுகள் கலங்கின. பக்கவாட்டில் சுற்றிப் போடலாம் என்றால் ஸ்டென்சில் அட்டை மாதிரி விறைப்பாக நின்றது, வளையவே இல்லை.

இரவு பதினொரு மணிக்கு அவர்களுக்கு மெசேஜ் போட்டேன். பார்த்ததற்கான நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

காரணத்தைச் சொன்னது, வீட்டிலிருந்தே கேக் விற்கும் என் பெரியம்மா மகள். விப்பிங் க்ரீம் எவ்வளவு குளிர்ந்தாலும் மேலே காய்ந்து பொருக்கு கட்டாது; அழுத்தி வைத்த எதிலும் ஒட்டிக்கொள்ளும். ஸ்டென்சில் போட காய்ந்த தளம் வேண்டும். வெண்ணெயில் ஐசிங் சுகர் நிறையப் போட்டு அடிக்கும் பட்டர் க்ரீம் சிறிது நேரத்தில் மேலே காய்ந்து கெட்டியாகும், விரலால் தொட்டால் ஒட்டாது. சாக்லேட்டும் க்ரீமும் கலந்த கனாஷும் நன்றாக இறுகும். நம் ஊர்க் கோடைக்கு டார்க் சாக்லேட் இரண்டரை, மூன்று பங்கு, க்ரீம் ஒரு பங்கு என்று போட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கில் நீர் பூத்திருந்தால் டிஷ்யூவால் லேசாக ஒற்றி எடுத்த பிறகுதான் ஸ்டென்சிலை வைக்க வேண்டும். மேலே பூசும் கலவை தளர்ந்திருந்தால் அடியில் ஊறிக் கசியும், அதனால் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரே திசையில் இழுத்து, நேர் மேலே தூக்க வேண்டும். அடுத்த இடத்தில் வைப்பதற்கு முன் ஸ்டென்சிலைக் கழுவித் துடைக்க வேண்டும். வட்டக் கேக்கின் பக்கத்துக்கு மெல்லிய, வளையும் மைலார் பிளாஸ்டிக் ஷீட்தான் சரி. இதில் எதுவும் ரகசியம் இல்லை. விற்கிறவர் ஒரு வரி சொல்லியிருந்தால் நான் பட்டர் க்ரீம் அடித்திருப்பேன்.

இதைவிடப் பெரிய விஷயம் அந்தப் பொடி. க்ரீம் வேலைக்காகவில்லை, பொடியையாவது ஸ்டென்சில் வழியாகத் தூவலாம் என்று டப்பாவைத் திறக்கும்போதுதான் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த லேபிளில் சின்ன எழுத்தைப் பார்த்தேன். 'நான்-டாக்சிக். ஃபார் டெகரேஷன் ஒன்லி.' அதாவது அலங்காரத்துக்கு மட்டும். என்னென்ன சேர்ந்தது என்ற பட்டியல் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண் இல்லை. தயாரித்த தேதி இல்லை.

'நான்-டாக்சிக்' என்பதும் 'சாப்பிடலாம்' என்பதும் ஒன்றல்ல. தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2018ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. கேக் மேல் பூசியிருந்த மினுமினுப்புப் பொடியில் தாமிரம் மிக அதிகமாக இருந்தது. அடுத்த ஆண்டு மிசோரியில், இதே மாதிரிப் பொடி போட்ட கேக்கைச் சாப்பிட்ட ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. இரண்டையும் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 அக்டோபரில் வெளியிட்டது. என் மகளும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் சாப்பிட இருந்த கேக் இது. அந்த எழுத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

பொடியை மூடி எடுத்து வைத்துவிட்டேன். மறுநாள், வெட்டுவதற்குச் சற்று முன், ஸ்டென்சிலை க்ரீமில் படாமல் ஒரு நூல் உயரத்தில் பிடித்துக்கொண்டு கோகோ பவுடரைச் சலித்துத் தூவினேன். பூக்கோலம் தெளிவாக விழுந்தது. மகளுக்குச் சந்தோஷம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஓப்பன் பண்ணின பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை." பொடியைப் பற்றிக் கேட்டதும் என்னை ப்ளாக் செய்துவிட்டார்கள். அதே செட் அந்தப் பக்கத்தில் இன்னும் விற்பனைக்கு இருப்பதாக என் தோழி பார்த்துச் சொன்னாள்.

கலரோ, மினுமினுப்புப் பொடியோ வாங்கினால் டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும், சேர்மானப் பட்டியலும், 'எடிபிள்' (சாப்பிடத் தகுந்தது) என்ற சொல்லும் இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். அனுப்பத் தயங்கினால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். பேச்சை எல்லாம் மெசேஜிலேயே வைத்துக்கொள்ளுங்கள், போனில் வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் நான் புகார் கொடுத்தபோது அந்த ஸ்க்ரீன்ஷாட்களும், பணம் போனதற்கான பதிவும்தான் கைகொடுத்தன. புகார் எண் வந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதியிருக்கிறேன். சோதனைக்குக் கேட்டால் கொடுக்க அந்த டப்பாவைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத பரண்மேல், கவரில் கட்டி வைத்திருக்கிறேன்.