கொடிப்பூ விதைத் தொகுப்பு: என் 1,850 போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

இன்று காலைதான் விதை விற்ற இணையக் கடையிலிருந்து கடைசி பதில் வந்தது. "விதை உயிருள்ள பொருள், முளைப்புக்கு உத்தரவாதம் கிடையாது, பணம் திரும்ப வராது." அதோடு நான் செய்தி அனுப்ப முடியாதபடி முடக்கியும் விட்டார்கள். ஐந்து பொட்டலம், 1,850. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன். எப்படிச் சுதாரிப்பது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. பலரும் கடை விரிக்கும் இணையச் சந்தையில், அரிய பூக்கொடி விதைகள் மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ரகம். இன்று ஒன்றை மூடினால் நாளை அதே படங்களோடு வேறு பெயரில் திறப்பார்கள், பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

வாங்கியது நிலவுப்பூ 10 விதை, அடுக்குச் சங்குப்பூ 20, துன்பெர்ஜியா 15, பேஷன்பூ 10, மயில்மாணிக்கம் 15. எல்லாமே விதையிலிருந்து வளரக்கூடிய, உலகில் இருக்கக்கூடிய கொடிகள்தான். ஆனால் அதே கடையில் நீலநிறக் காகிதப்பூ விதையும் விற்பனைக்கு இருந்தது. அந்த இடத்திலேயே பக்கத்தை மூடியிருக்க வேண்டும். காகிதப்பூவின் நிறம் பீட்டாலைன் என்ற நிறமிகளால் வருவது, பீட்ரூட்டுக்குச் சிவப்பைத் தருவதும் அதே வகைதான். அதில் மஞ்சள், சிவப்பு, ஊதா வரை போகலாம், வானநீலம் வராது. போதாததற்குக் காகிதப்பூவை யாரும் விதை போட்டு ரகம் பிடிப்பதில்லை, குச்சி நட்டோ பதியம் போட்டோதான் எடுப்பார்கள். நீலக் காகிதப்பூ விதை விற்கிறவர் மற்ற விதையை மட்டும் ஒழுங்காக விற்பாரா? தெரிந்தும் வாங்கினேன்.

ஏன் வாங்கினேன் என்றால், ஒரே ஒரு பதிலுக்காக. "நிலவுப்பூ விதையின் மேலோட்டை உரச வேண்டுமா?" என்று கேட்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் பதில்: "ஆமாம், விதைக்கண் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் உப்புத்தாளால் லேசாக உரசி, வெதுவெதுப்பான நீரில் 12 மணி நேரம் ஊறவையுங்கள். 24 மணி நேரத்தைத் தாண்டினால் அழுகும்." ஒரு எழுத்து தப்பில்லை. விதைக்கண் என்பது விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பு. அந்தப் பக்கத்தில்தான் முளைவேர் இருக்கும், அங்கே உரசினால் விதையே போய்விடும் என்பது விதை போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நம்பினேன். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரிகள் என்பது பிறகுதான் புரிந்தது. பாராட்டுரைகளும் குவிந்து கிடந்தன. 2020-ல் அமெரிக்காவில் பலர் வீட்டுக்குக் கேட்காமலேயே விதைப் பொட்டலங்கள் போய்ச் சேர்ந்தது நினைவிருக்கலாம். விற்றதாகக் கணக்குக் காட்டிப் பொய்ப் பாராட்டு எழுதிக்கொள்ளும் தந்திரமாக இருக்கலாம் என்று அந்நாட்டு வேளாண் துறையே சொன்னது. இதெல்லாம் தெரிந்துதான் 1,850 கட்டினேன்.

பொட்டலத்தைப் பிரித்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. நிலவுப்பூ விதை பட்டாணிபோலப் பருத்து உருண்டையாக இருக்கும். வந்ததோ அதில் பாதி அளவு, ஆரஞ்சுச் சுளைபோல மூன்று பட்டையாகக் கறுப்பு. அது எளிதாக முளைக்கும் சாதாரண மார்னிங் குளோரிக் கொடி. துன்பெர்ஜியா விதை சிறு மணிபோல இருக்கும், ஒரு பக்கம் குழி விழுந்திருக்கும். அதை ஒருமுறை பார்த்தவர் மறக்கவே மாட்டார். வந்ததோ கடுகைவிடச் சின்னதாக, பளபளப்பாக, கறுப்பாக. பார்த்தாலே கீரை விதை. சங்குப்பூ 20-க்கு 13 தான் இருந்தது, அதிலும் நான்கில் வண்டு துளைத்த ஓட்டை.

அன்றே படம் எடுத்து அனுப்பினேன். "விதையின் தோற்றம் நாட்டுக்கு நாடு மாறும், போட்டுப் பாருங்கள்" என்றார்கள். மாறாது. நிறம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், உருண்டை பட்டையாகாது. ஆனாலும் போட்டேன், அதுதான் அவர்களுக்கு வேண்டியது. திருப்பி அனுப்பும் கெடு 7 நாள். மார்னிங் குளோரி வகைகள் முளைக்கவே 5 முதல் 10 நாள் ஆகும், சங்குப்பூவுக்கும் ஓடு திறந்தால் ஏறக்குறைய அதே கணக்கு, பேஷன்பூ வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இழுக்கும். பூ அடுக்கா ஒற்றையா என்று தெரிய ஆறு முதல் எட்டு வாரமாவது வேண்டும். கெடுவுக்குள் எதையும் நிரூபிக்கவே முடியாது. இந்த வியாபாரமே அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது.

போட்ட விதத்தில் குறை சொல்லிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் அளந்துதான் செய்தேன். தடித்த ஓடுள்ள விதைகளை உப்புத்தாளில் உள்நிறம் மங்கலாகத் தெரியும் வரை மட்டும் உரசி, 12 மணி நேரம் ஊறவைத்தேன். உப்பாதவற்றை எடுத்து இன்னொரு முறை உரசினேன். இரண்டு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு மண்புழு உரம், அடியில் துளையிட்ட காகிதக் கோப்பைகள். இந்தக் கொடிகளுக்கு வேரைக் கலைத்தால் பிடிக்காது, கோப்பையோடு நட்டுவிடலாம் என்பதற்காகத்தான் காகிதம். பெரிய விதைகள் ஒரு சென்டிமீட்டர் ஆழம், பொடி விதைக்கு மேலே தூவல் மட்டும். பக்கத்திலேயே என் கொடியில் எடுத்த சங்குப்பூ விதை 10, அதே மண், அதே நாள், அதே தண்ணீர்.

என் விதையில் ஆறாம் நாளுக்குள் 9 வந்துவிட்டது. அவர்கள் சங்குப்பூவில் 2. மற்றவை கோப்பைக்குள்ளேயே கூழாகிப் பூசணம் பிடித்தன. இதைச் சொன்னதும் வந்த பதில்: "வீட்டு விதை வேறு, இறக்குமதி விதை வேறு." இந்த ஒரு வரிக்காகவே 1,850 கொடுத்தேன் போலிருக்கிறது.

நிலவுப்பூ பொட்டலம் நன்றாகவே முளைத்தது, என்ன இருந்தாலும் மார்னிங் குளோரி அல்லவா. "முளைத்திருக்கிறதே, பிறகென்ன?" என்றார்கள். துன்பெர்ஜியா பொட்டலத்தில் நாலாம் நாளே செந்தண்டோடு கன்று எழும்பியது. துன்பெர்ஜியாவுக்கு இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே வரும், காம்பின் இருபுறமும் மெல்லிய இறகு ஓடும். இதில் ஒன்று மாற்றி ஒன்றாக, இறகே இல்லாமல் வந்தது. "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், வளர வளரக் கொடியாகும்" என்று பதில். கீரை எந்த வயதில் கொடியாகும்?

பேஷன்பூவில் மட்டும் "காத்திருங்கள்" என்ற பதில் நியாயம், அது மெதுவாகத்தான் வரும். அதனால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உயிருள்ள விதைக்குள் வெள்ளையாக, கெட்டியாகப் பருப்பு இருக்கும். மூன்றை வெட்டினேன், மூன்றிலும் பழுப்புத் தூள். இதில் எதற்குக் காத்திருப்பது?

மயில்மாணிக்கம் மட்டும் சரியாக வந்தது. கவட்டைபோல நீளமாகப் பிளந்த விதையிலை, சந்தேகமே இல்லை. ஒருமுறை வேலியில் விட்டால் அடுத்த பருவம் தானே கொட்டி முளைக்கிற கொடி, யாரிடம் கேட்டாலும் ஒரு கைப்பிடி சும்மாவே கொடுப்பார்கள். அது ஒன்றுக்குத்தான் என் 1,850 போயிருக்கிறது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. முதலில் தண்ணீர் அதிகம் என்றார்கள், அடுத்து வெயில் போதவில்லை என்றார்கள், அடுத்து 21 நாள் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தால் "கெடு முடிந்துவிட்டது." சந்தைக்காரர்களிடம் போனால் "விற்பனையாளரிடம் பேசுங்கள்," விற்பனையாளரிடம் போனால் "சந்தையில் புகார் கொடுங்கள்."

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நிறம் மாறினாலே ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம். வானநீல மார்னிங் குளோரி மொட்டில் செவ்வூதாவாகத்தான் இருக்கும், விரியும்போது இதழ்ச் செல்களின் சாற்றில் காரத்தன்மை கூடித்தான் நீலமாகும். கொடி தழைத்து இலையாகவே போய்ப் பூக்காமல் நின்றால் பெரும்பாலும் தழைச்சத்து அதிகம், அல்லது ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லை. அதற்கெல்லாம் விதைக்காரரைத் திட்ட முடியாது.

விரிவாகச் சொல்வதாக முதலில் எழுதினேன், இப்போது பொறுமை இல்லை. பூப்படத்தைப் பார்க்காதீர்கள், விதையின் படத்தை அளவுகோலோடு வைத்துக் கேளுங்கள், தராவிட்டால் விடுங்கள். விதை எடுத்த மாதம் கேளுங்கள். விஸ்டீரியா என்ற பூக்கொடியின் விதை "முதல் வருடமே பூக்கும்" என்று எழுதியிருந்தால் ஓடிவிடுங்கள், விதையிலிருந்து பத்து வருடம்கூட ஆகலாம். பொட்டலம் வந்த அன்றே எண்ணி, படம் எடுத்து, முளைக்கும் வரை காத்திராமல் அதே நாளில் புகாரைப் பதியுங்கள். எதுவானாலும் முதல்முறை ஒரே ஒரு பொட்டலம் வாங்குங்கள், தொகுப்பு வேண்டாம். என்னவென்று தெரியாத விதையை மண்ணிலும் எருக்குழியிலும் போடாமல் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். மார்னிங் குளோரி விதையும் காந்தள் விதையும் நஞ்சு, குழந்தைகள் கையில் சிக்காமல் வையுங்கள்.